கிரேக்கம் தந்த கலையரசி மெலினா மெர்கூரி

ஒரு மனிதரிடமிருந்து எவற்றையெல்லாம் பறிக்க முடியும்? வீட்டைப் பறிக்கலாம், நிலத்தைப் பறிக்கலாம், தேடிய பொருளைப் பறிக்கலாம். பிறந்த நாட்டைப் பறிக்க முடியுமா? முடியும் என்று எண்ணினார்கள், 1967ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டின் ஆட்சியைத் துப்பாக்கி முனையில் கைப்பற்றிய கர்னல்கள். ஒரே ஓர் ஆணையால் ஒரு நடிகையின் குடியுரிமையை அவர்கள் நீக்கினார்கள். அந்த நடிகையோ அயல்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு ஏழாண்டுகள் அவர்களை எதிர்த்துப் போராடினார். ஆட்சி வீழ்ந்தது. அவர் தாயகம் திரும்பினார். எந்த அரசு அவரைத் தன் மகள் அல்லள் என்று தள்ளியதோ, அதே அரசின் பண்பாட்டு அமைச்சராகப் பின்னாளில் அமர்ந்தார். அவர்தாம் மெலினா மெர்கூரி அம்மையார்.

நம் முன்னோர் யவனர் என்று அழைத்த மக்களின் நாடு கிரேக்கம். ஹோமரையும் சாக்ரடீசையும் அலெக்சாண்டரையும் நாம் பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொள்கிறோம். ஆனால் நம் காலத்துக் கிரேக்கத்தைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. அயலார் படையெடுப்பு, பஞ்சம், உள்நாட்டுப் போர், இராணுவ ஆட்சி எனத் துன்பத்தின் மேல் துன்பமாக இருபதாம் நூற்றாண்டு அந்நாட்டை வாட்டியது. அந்தத் துன்பங்களினூடே நடந்து வந்த ஒரு பெண்ணின் வாழ்வை அறிந்தால், அந்த நாட்டின் வாழ்வையும் ஓரளவு அறிந்தவர்கள் ஆவோம்.

பிறப்பும் வளர்ப்பும்

மெலினா 1920ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஏதென்ஸ் நகரில் பிறந்தார். மரியா அமலியா என்பது பெற்றோர் இட்ட பெயர். கிரேக்கத்தில் குடும்பப் பெயர் ஆணுக்கு ஒரு வடிவிலும் பெண்ணுக்கு வேறொரு வடிவிலும் வழங்கும். ஆடவர் மெர்கூரிஸ் என்றால் மகளிர் மெர்கூரி ஆவர். அவருடைய பாட்டனார் ஸ்பிரோஸ் மெர்கூரிஸ் ஏதென்ஸ் மாநகரின் மேயராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர். தந்தையார் ஸ்டமாட்டிஸ் மெர்கூரிஸ் நாடாளுமன்ற உறுப்பினர். ஆகவே அரசியல் அந்தக் குழந்தைக்குப் புதிதன்று. தொட்டிலிலேயே கேட்ட தாலாட்டு எனலாம்.

பெற்றோர் பிரிந்து வாழ நேர்ந்ததால் பாட்டனாரின் அன்பே அவருக்குப் பெருந்துணை ஆயிற்று. வீட்டுக்கு வருவோரும் போவோரும், வழக்குரைப்போரும் வாழ்த்துவோருமாக ஒரு நகரமே அந்த முற்றத்தில் வந்து நிற்பதை அச்சிறுமி பார்த்து வளர்ந்தார். மக்கள் கூட்டத்தைக் கண்டு அஞ்சாத இயல்பு அங்கேதான் அவருக்கு வாய்த்திருக்க வேண்டும்.

ஆயினும் அவர் உள்ளம் நாடியது அரசியலை அன்று, நாடக மேடையை. பெருங்குடியிற் பிறந்த பெண் மேடையேறுவதை உயர்வாகக் கருதாத காலம் அது. மிக இளம் வயதிலேயே செல்வர் ஒருவரை மணந்துகொண்ட அவர், ஏதென்சிலுள்ள தேசிய நாடக அரங்கின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து நடிப்புக் கலையைப் பயின்றார். 1944இல் அங்கே தேர்ச்சி பெற்று வெளிவந்தார்.

அவர் பயின்ற ஆண்டுகள் எத்தகைய ஆண்டுகள்! 1940 அக்டோபரில் இத்தாலி கிரேக்கத்தைத் தாக்கியது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியப் படை ஏதென்சுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டின் குளிர்காலத்தில் தலைநகரின் தெருக்களில் மக்கள் பசியால் மடிந்து வீழ்ந்தனர். அந்நாளில் தாம் மட்டும் வசதியாக வாழ்ந்ததைப் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் அம்மையார் மறைக்கவில்லை. தம் வாழ்வின் வெற்றிகளை மட்டும் அடுக்கிக் காட்டுவோர் பலர். தம்மைக் குத்திய முள்ளையும் எடுத்துக் காட்டியவர் இவர். பின்னாளில் நாட்டுக்கு மீண்டும் ஒரு கேடு சூழ்ந்தபோது அவர் ஒதுங்கி நில்லாமல் களத்தில் குதித்ததற்கு இந்த நெஞ்சுறுத்தலும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மேடையிலும் திரையிலும்

அமெரிக்க நாடக ஆசிரியர் யூஜீன் ஓநீல், பழைய கிரேக்க அவல நாடகத்தைத் தழுவி எழுதிய நாடகம் ஒன்றில் லவீனியா என்னும் பாத்திரம் ஏற்றுத் தம் தொடக்கக் காலத்திலேயே மெலினா கவனத்தை ஈர்த்தார். ஆனால் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது 1949இல் டென்னசி வில்லியம்சின் புகழ்பெற்ற நாடகத்தில் அவர் ஏற்ற பிளான்ஷ் என்னும் வேடம். நவீன கிரேக்க நாடகத்தின் தந்தை என்று போற்றத்தக்க கரோலஸ் கூன் தம் கலை அரங்கில் அதை இயக்கினார். சிதைந்துபோன ஒரு பெண்ணின் உள்ளத்தை மெலினா காட்டிய பாங்கு ஏதென்சைக் கலக்கியது. அதன்பின் சிலகாலம் பாரிசிலும் மேடையேறினார்.

1955இல் மைக்கேல் ககோயானிஸ் இயக்கிய 'ஸ்டெல்லா' என்னும் திரைப்படம் வெளிவந்தது. மதுக்கடையில் பாடும் ஒருத்தியின் கதை அது. காதலை ஏற்கிறாள்; ஆனால் திருமணம் என்னும் பெயரில் தன் உரிமையை அடகு வைக்க மறுக்கிறாள். முடிவில் காதலனின் கத்தி காத்திருப்பதை அறிந்தும் அவனை நோக்கி நடந்தே செல்கிறாள். பெண் அடங்கி நடக்க வேண்டும் என்னும் பழைய கட்டுக்கு எதிராக எழுந்த குரலாக அப்படம் அமைந்தது. மெலினா ஏற்ற முதல் திரை வேடமும் அதுவே.

அப்படம் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவுக்குச் சென்றது. அங்கேதான் அவர் ஜூல்ஸ் டாசினைச் சந்தித்தார். டாசின் அமெரிக்க இயக்குநர். பொதுவுடைமையாளர் என்று ஐயுற்றுக் கலைஞர்களை வேட்டையாடிய காலத்தில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, தொழில் இழந்து, ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தவர். கருத்துக்காக நாடிழந்தவர் அவர். அதே துன்பம் தம்மையும் தேடி வரும் என்று அன்று மெலினா அறிந்திருக்க மாட்டார். இருவரும் கலையால் இணைந்தனர். பின்னர் வாழ்விலும் இணைந்து 1966இல் மணம் புரிந்துகொண்டனர்.

டாசின் இயக்கத்தில் மெலினா நடித்த படங்களுள் தலையாயது 1960இல் வந்த 'நெவர் ஆன் சண்டே'. ஏதென்சை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தில் வாழும் இல்யா என்னும் பொதுமகளின் கதை. அவளைத் திருத்தி அறிவூட்ட வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து வரும் ஒருவர் முயல்கிறார். இல்யாவுக்குப் பழைய அவல நாடகங்கள் மேல் கொள்ளை ஆசை. ஆனால் எந்தக் கதையும் துன்பத்தில் முடிய அவள் உள்ளம் ஒப்பாது. பெற்ற பிள்ளைகளையே கொல்லும் மெடியாவின் கதையையும் மகிழ்ச்சியாக முடித்து, எல்லாரையும் கடற்கரைக்கு அனுப்பி வைத்துவிடுவாள்! படிப்பாளியின் அறிவு பெரிதா, பாமரப் பெண்ணின் வாழ்க்கை வேட்கை பெரிதா என்று நகைச்சுவையோடு கேட்ட படம் அது. அதற்காக அவ்வாண்டுக் கான் விழாவில் சிறந்த நடிகைக்குரிய பரிசைப் பிரெஞ்சு நடிகை ஜான் மொரோவுடன் அவர் பகிர்ந்துகொண்டார். ஆஸ்கர் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மனோஸ் ஹாஜிதாகிஸ் இசையமைத்த அப்படத்தின் பாடல் ஆஸ்கர் பரிசையே வென்று, உலகெங்கும் ஒலித்தது. கிரேக்க இசைக்கருவியான பூசூக்கியின் ஒலியை அதற்குமுன் கேட்டறியாத நாடுகளெல்லாம் கேட்டன.

1962இல் 'ஃபேட்ரா', 1964இல் 'டாப்காபி' என்று படங்கள் தொடர்ந்தன. இவ்விரண்டிலும் இங்கே நினைக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. 'ஃபேட்ரா'வின் காட்சி ஒன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், பார்த்தினான் கோயிலின் சிற்பங்களுக்கு நடுவே படமாக்கப்பட்டது. 'டாப்காபி'யிலோ இஸ்தான்புல் அருங்காட்சியகத்திலிருந்து மரகதக் கற்கள் பதித்த குறுவாளைத் திருடத் திட்டமிடும் கூட்டத்தில் ஒருத்தியாக அவர் நடித்தார். திரையில் அருங்காட்சியகத்தைக் கொள்ளையிட்டவர், வாழ்வில் அருங்காட்சியகத்தின் வாயிலில் நின்று நீதி கேட்கப் போகிறார் என்பதை அன்று யார் கண்டார்!

நாடிழந்த நங்கை

1967ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள். 'நெவர் ஆன் சண்டே' கதையை இசை நாடகமாக்கி நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் டாசினும் மெலினாவும் அரங்கேற்றியிருந்தனர். 'இல்யா டார்லிங்' என்பது அதன் பெயர். அரங்கேறிப் பத்து நாட்களே ஆகியிருந்தன. ஏப்ரல் 21ஆம் நாள் விடியுமுன் ஏதென்ஸ் தெருக்களில் டாங்கிகள் உருண்டன. தேர்தல் நடைபெறச் சில வாரங்களே இருந்த நிலையில் கர்னல்கள் சிலர் ஆட்சியைக் கைப்பற்றினர். ஆயிரக்கணக்கானோர் சிறையிலும் தீவுகளிலும் அடைக்கப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்குள்ளாயின. இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடராகிசின் பாடல்களைப் பாடுவதும் கேட்பதும்கூடக் குற்றமாக்கப்பட்டன.

மெலினா அப்போது என்ன செய்திருக்கலாம்? வாய் திறவாமல் இருந்திருக்கலாம். புகழ் இருந்தது, நாள்தோறும் நிறைந்த அரங்கு இருந்தது, நாட்டில் சொத்து இருந்தது. பேசாதிருந்தால் எதற்கும் கேடு வந்திராது. நடிகைக்கு அரசியல் எதற்கு என்று உலகமும் அவரைக் குறை கூறியிராது. ஆனால் அவர் பேசினார். செய்தியாளர்களிடம் பேசினார், தொலைக்காட்சியில் பேசினார், கூட்டங்களில் பேசினார். தம் நாட்டுக்குச் சுற்றுலா செல்ல வேண்டாம் என்று அமெரிக்க மக்களைக் கேட்டுக்கொண்டார். கர்னல்களுக்கு வருவாயும் நற்பெயரும் தேடித் தரும் வழியை அடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கர்னல்களின் சீற்றம் விரைவில் வந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் உள்துறை அமைச்சர் பட்டாகோஸ் அவருடைய குடியுரிமையை நீக்கி ஆணையிட்டார். அவருடைய சொத்துக்களும் பறிமுதல் செய்யப்பட்டன. செய்தியைக் கேட்டதும் மெலினா அளித்த மறுமொழி உலகச் செய்தித்தாள்களிலெல்லாம் வெளிவந்தது. தாம் கிரேக்கப் பெண்ணாகவே பிறந்ததாகவும் கிரேக்கப் பெண்ணாகவே இறக்கப்போவதாகவும் அவர் கூறினார். அந்த அமைச்சரைப் பற்றியோ, பாசிசவாதியாகப் பிறந்தவர் அவ்வாறே இறப்பார் என்றார். 1971இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலுக்கும் கிரேக்கப் பெண்ணாகப் பிறந்தேன் என்னும் பொருள்பட அவர் பெயரிட்டார்.

அடுத்த ஏழாண்டுகள் பாரிசை இருப்பிடமாகக் கொண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சென்றார். கூட்டங்களில் முழங்கினார், ஊர்வலங்களில் நடந்தார், தடைசெய்யப்பட்ட பாடல்களை மேடைகளில் பாடினார், சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்காகப் பொருள் திரட்டினார். 1969இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் அவர் பேசவிருந்த அரங்கில் வெடிகுண்டு வைக்கப்பட்டது. அவர் உயிர் தப்பினார். அதன்பிறகும் அவர் நா அடங்கவில்லை.

நாடு கடந்து வாழ்வோரின் துயரம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விருந்தினராக வரவேற்கும் நாடுகள் ஆயிரம் இருந்தாலும், உரிமையோடு நுழைய ஒரு வாசல் இல்லை என்றால் அந்த வாழ்வு நிழலற்ற வாழ்வு. நடிப்புத் தொழிலுக்கோ தாய்மொழியே உயிர். தம் மொழியைப் புரிந்துகொள்ளும் அவையினர் முன் நிற்க இயலாத நடிகையின் வேதனை சிற்பியின் கையிலிருந்து உளியைப் பிடுங்கியதற்கு ஒப்பாகும். அந்த ஏழாண்டுகளும் அவர் நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று நடிப்புக்கலை முதிர்ந்து கனியும் பருவத்தைக் கடந்து, ஐம்பதைத் தாண்டிய ஆண்டுகள் என்பதையும் மறத்தல் ஆகாது.

1973 நவம்பரில் ஏதென்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் சர்வாதிகாரத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். கல்லூரி வாயிலை டாங்கி இடித்துத் தள்ளியது. பல உயிர்கள் பலியாயின. அந்த மாணவர்களின் ஈகத்தை வைத்து டாசின் 'ஒத்திகை' என்னும் பொருள் தரும் படத்தை எடுத்தார். அடுத்த ஆண்டு கோடையில், சைப்ரஸ் தீவில் தாங்கள் தூண்டிவிட்ட ஆட்சிக் கவிழ்ப்பும் அதைத் தொடர்ந்த துருக்கியப் படையெடுப்பும் கர்னல்களின் கழுத்துக்கே சுருக்காயின. 1974 ஜூலையில் இராணுவ ஆட்சி சரிந்தது. சில நாட்களுக்குள் மெலினா ஏதென்ஸ் விமான நிலையத்தில் வந்திறங்கினார். பெருங்கூட்டம் அவரை வரவேற்றது.

மக்கள் மன்றத்தில்

நாடு திரும்பியவர் மீண்டும் திரையுலகை மட்டும் நாடியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் விடுதலையைப் பெறுவது வேறு, அதைக் காப்பது வேறு என்று அவர் உணர்ந்திருந்தார். 1974 செப்டம்பரில் ஆந்திரேயாஸ் பாபண்டிரூ தொடங்கிய பாசோக் என்னும் சமதர்ம இயக்கத்தின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் பிரேயஸ் இரண்டாம் தொகுதியில் நின்றார். தொழிலாளரும் அகதிகளின் வழிவந்தோரும் நிறைந்த பகுதி அது. திரையில் இல்யாவாக அவர் நடமாடிய அதே துறைமுகத்தின் மக்களிடம் வாக்குக் கேட்டுச் சென்றார். மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார்.

தோல்வி கண்டு அவர் துவளவில்லை. தேர்தல் முடிந்ததும் தொகுதியை மறக்கும் வழக்கத்துக்கு மாறாக, அந்தக் குறுகிய தெருக்களுக்குத் தொடர்ந்து சென்று வந்தார். 1977இல் அதே மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். இதற்கிடையே கலையையும் அவர் கைவிடவில்லை. 1976இல் மெடியாவாக மேடையேறினார். இல்யா மகிழ்ச்சியாக முடித்துவைத்த அதே கதையை இப்போது அதன் முழுத் துயரத்தோடும் நடித்துக் காட்டினார். 1980இல் கரோலஸ் கூனின் இயக்கத்தில் 'ஒரெஸ்டியா' நாடகத்தில் கிளைட்டம்னெஸ்ட்ராவாக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய எபிடாரஸ் திறந்தவெளி அரங்கில் நின்றார்.

பண்பாட்டு அமைச்சர்

1981 அக்டோபரில் பாசோக் இயக்கம் ஆட்சிக்கு வந்தது. பாபண்டிரூ தலைமையில் அமைந்த அமைச்சரவையில் மெலினா பண்பாட்டு அமைச்சரானார். கிரேக்கத்தில் அப்பொறுப்பை ஏற்ற முதற்பெண்மணி அவரே. 1989 வரை எட்டாண்டுகள் அப்பதவியில் நீடித்தார். அமைச்சரவைகளில் இடமாற்றங்கள் அடிக்கடி நிகழ்ந்த நாட்டில் இஃது அரியதொரு செய்தி.

நடிகைக்கு நிருவாகம் தெரியுமா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். அவர்களுக்கு அவருடைய செயல்களே விடை கூறின. தலைநகரில் மட்டுமே தேங்கிக் கிடந்த நாடகக் கலையைச் சிற்றூர்களுக்கும் கொண்டு செல்ல விரும்பினார். 1983இல் நகராட்சிகளும் அரசும் இணைந்து நடத்தும் வட்டார நாடக அரங்குகளை ஏற்படுத்தினார். அரங்கு காண வசதியற்றிருந்த ஊர்களில் நிலையான நடிகர் குழுக்கள் அமைந்தன. பழம்பொருட் களங்களையும் அருங்காட்சியகங்களையும் கிரேக்க மக்கள் கட்டணமின்றிக் காண வழி செய்தார். ஏதென்ஸ் நகரில் போக்குவரத்துச் சாலைகளால் துண்டுபட்டுக் கிடந்த தொன்மையான இடங்களை நடைபாதைகளால் இணைத்து, ஒரே பெரும் பூங்காவைப் போல் ஆக்கும் திட்டத்துக்கு ஊக்கம் தந்தார். அவர் காலத்துக்குப் பின்னரே அது பெரிதும் நிறைவேறியது.

ஐரோப்பா முழுமையும் இன்று அறிந்த அவருடைய பணி மற்றொன்று. 1983இன் பிற்பாதியில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் தலைமை கிரேக்கத்தின் முறையாக வந்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி உறுப்பு நாடுகளின் பண்பாட்டு அமைச்சர்களை ஏதென்சுக்கு அழைத்தார். வெண்ணெய்க்கும் எஃகுக்கும் விலை பேசுவதற்கு மட்டுமா நாடுகள் கூட வேண்டும், கலையும் கருத்தும் பேச வேண்டாவா என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். ஆண்டுதோறும் ஒரு நகரைப் பண்பாட்டு நகராகத் தேர்ந்து, அங்கே அனைத்து நாட்டுக் கலைஞர்களும் கூட வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் துணை நின்றார். 1985 ஜூனில் திட்டம் ஏற்கப்பட்டது. அவ்வாண்டே ஏதென்ஸ் முதல் பண்பாட்டு நகரமாயிற்று. அடுத்து ஃபிளாரன்ஸ், ஆம்ஸ்டர்டாம், மேற்குப் பெர்லின், பாரிஸ் என்று வரிசை நீண்டது. 1990இல் கிளாஸ்கோ போன்றதொரு தொழில் நகரமும் அப்பெருமையைப் பெற்று, புதுவாழ்வு கண்டது. ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் என்று பெயர் மாறி அத்திட்டம் இன்றும் தொடர்கிறது.

கற்களுக்காக ஒரு குரல்

இவை எல்லாவற்றினும் மேலாக அவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது பார்த்தினான் சிற்பங்களை மீட்கும் முயற்சியாகும். அதன் பின்னணியைச் சிறிது காண்போம்.

ஏதென்ஸ் நகரின் நடுவே எழும் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் அதீனா தெய்வத்துக்கு எழுப்பிய கோயிலே பார்த்தினான். பெரிக்ளிஸ் தலைவராயிருந்த காலத்தில், கி.மு. 447இல் தொடங்கிக் கி.மு. 432க்குள் சிற்பங்களோடு முற்றுப்பெற்றது. சிற்பப் பணிக்குத் தலைமை தாங்கியவர் ஃபிடியாஸ். கோயிலைச் சுற்றிலும் ஏறத்தாழ 160 மீட்டர் நீளத்துக்கு ஊர்வலக் காட்சி ஒன்று சலவைக்கல்லில் செதுக்கப்பட்டிருந்தது. குதிரை வீரரும் இசைவாணரும் பலிப் பசுக்களை ஓட்டி வருவோருமாக ஒரு நகரத்தின் திருவிழாவே அங்கு கல்லாக நின்றது. பிற்காலத்தில் அக்கோயில் கிறித்தவர்களின் தேவாலயமாகவும் துருக்கியரின் பள்ளிவாசலாகவும் மாறியது. 1687இல் வெனிசுப் படையின் குண்டு, உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தில் விழவே, கட்டடத்தின் நடுப்பகுதி சிதறியது.

கிரேக்கம் துருக்கிய சுல்தானின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1799இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் பிரிட்டிஷ் தூதராக வந்தவர் எல்ஜின் பிரபு. 1801 முதல் அவருடைய ஆட்கள் எஞ்சிய சிற்பங்களில் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்துக் கப்பலேற்றினர். சுவரோடு ஒட்டியிருந்த பாளங்களை அறுத்தும் எடுத்தனர். துருக்கிய அதிகாரிகளின் இசைவு தமக்கு இருந்தது என்பது எல்ஜினின் வாதம். அந்த இசைவுக் கடிதத்தின் மூலம் கிடைக்கவில்லை. இத்தாலிய மொழிபெயர்ப்பு ஒன்றே எஞ்சியுள்ளது. கடன்சுமையில் சிக்கிய எல்ஜின் 1816இல் அவற்றைப் பிரிட்டிஷ் அரசுக்கு 35,000 பவுனுக்கு விற்றார். அன்று முதல் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஊர்வலக் காட்சியில் ஏறத்தாழ 75 மீட்டர் அங்கேதான் இருக்கிறது. ஒரே குதிரையின் தலை ஒரு நாட்டிலும் உடல் ஒரு நாட்டிலுமாகக் கிடப்பதைப் போன்றது இந்நிலை.

ஒரு கடிதத்தைக் காட்டிக் கற்களை எடுத்துச் சென்றார்கள். ஓர் ஆணையைக் காட்டி மெலினாவின் நாட்டைப் பறித்தார்கள். இரண்டும் காகிதங்களே. காகிதத்தால் பிறப்பிடத்தை மாற்ற முடியாது என்பதைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் அவர். அதனால்தான் போலும், கற்களின் வழக்கைத் தம் சொந்த வழக்காகவே அவர் நடத்தினார்.

1982இல் மெக்சிகோ நகரில் யுனெஸ்கோ கூட்டிய பண்பாட்டுக் கொள்கை மாநாட்டில் அவர் இக்கோரிக்கையை எழுப்பினார். மாநாடு அதை ஆதரித்தது. 1983இல் இலண்டன் சென்று அருங்காட்சியகத்தில் அச்சிற்பங்களின் முன் நின்றார். கிரேக்க அரசு முறைப்படி வேண்டுகோள் விடுத்தது. 1984இல் பிரிட்டிஷ் அரசு மறுத்துவிட்டது. அருங்காட்சியகம் தன் சேமிப்பிலுள்ளவற்றைத் தன் விருப்பப்படி விட்டுக்கொடுக்க 1963ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை என்பது ஒரு காரணம். எல்ஜின் எடுத்திராவிட்டால் அவை அழிந்திருக்கும், உலகினர் அனைவரும் இலண்டனில் கட்டணமின்றிக் காண்கின்றனர், ஒன்றைத் திருப்பினால் உலக அருங்காட்சியகங்கள் எல்லாம் காலியாகிவிடும் என்பன மற்றக் காரணங்கள். எதிர்த்தரப்பின் இவ்வாதங்களைப் புறந்தள்ள முடியாது. அவற்றிலும் எண்ணத்தக்கன உண்டு.

1986 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் பேரவையில் அம்மையார் இவற்றுக்கு ஒவ்வொன்றாக விடையளித்தார். பின்னாளில் பிரிட்டனின் தலைமை அமைச்சரான போரிஸ் ஜான்சன் அப்போது அப்பேரவையின் மாணவத் தலைவர். எல்ஜின் கற்கள் என்று உலகில் எவையும் இல்லை, உள்ளவை பார்த்தினான் கற்களே என்று அம்மையார் எடுத்துரைத்தார். உலகத்துச் சிலைகளையெல்லாம் திருப்பித் தருமாறு தாம் கேட்கவில்லை என்றும், இன்றும் நின்றுகொண்டிருக்கும் ஒரே கட்டடத்தின் உடலுறுப்புகளையே கேட்பதாகவும் விளக்கினார். கெஞ்சலும் இல்லை, வசையும் இல்லை. ஆங்கிலேயரின் நேர்மையுணர்வை நோக்கியே அவர் பேசினார். ஒரு நடிகையின் குரல்வளம் ஒரு நாட்டின் குரலாக உயர்ந்த நாள் அது.

ஏதென்சில் வைப்பதற்குத் தகுந்த இடம் எங்கே என்னும் கேள்விக்கும் அவர் விடை தேடினார். அக்ரோபோலிசின் அடிவாரத்தில் புதிய அருங்காட்சியகம் எழுப்ப 1989இல் உலகளாவிய கட்டடக் கலைப் போட்டி அறிவிக்கப்பட்டது. எதுவுமே இல்லாத இடத்துக்கு விருந்தினரை அழைக்கலாகாது. முதலில் வீட்டைக் கட்டுவோம் என்னும் குடும்பத் தலைவியின் அறிவு அதில் தெரிகிறது.

அந்திக் காலம்

1989இல் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. 1990இல் ஏதென்ஸ் மேயர் பதவிக்குப் போட்டியிட்டார். பாட்டனார் அமர்ந்த நாற்காலி அது. ஆனால் தம் கட்சியிலேயே முன்பு அமைச்சராயிருந்த அந்தோனிஸ் திரிட்சிசிடம் தோற்றார். 1993 அக்டோபரில் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது பண்பாட்டுத் துறையையே மறுபடியும் ஏற்றார். ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. நெடுங்காலப் புகைப்பழக்கம் உடையவர் அவர். நுரையீரல் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. 1994 மார்ச் 6ஆம் நாள் நியூயார்க் மருத்துவமனையில் தமது 73ஆம் அகவையில் மறைந்தார். எந்த நகரில் நாடிழந்த செய்தியைக் கேட்டாரோ அந்த நகரிலேயே அவர் மூச்சு அடங்கியது. ஆனால் இம்முறை அவர் கிரேக்கக் குடிமகளாகவும் கிரேக்க அமைச்சராகவும் இறந்தார். உடல் ஏதென்சுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. மக்கள் வெள்ளம் தெருக்களை நிறைத்தது.

கணவர் டாசின் மனைவியின் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவி, அவர் விட்ட பணியைத் தொடர்ந்தார். 2008இல் ஏதென்சிலேயே அவரும் மறைந்தார். அடுத்த ஆண்டு, 2009 ஜூனில், புதிய அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் மேல்தளம் கோயிலுக்கு இணையான திசையில் திருப்பி அமைக்கப்பட்டு, கண்ணாடிச் சுவர்களின் வழியே பார்த்தினானைக் காணும்படி கட்டப்பட்டுள்ளது. ஏதென்சிலுள்ள மூலச் சிற்பங்கள் அவற்றுக்குரிய வரிசையில் நிற்கின்றன. இலண்டனில் இருப்பவற்றின் இடத்தில் வெண்சுதைப் படிகள் நிற்கின்றன. வராதவர்களுக்காக விரித்து வைத்த இலைகளைப் போல அவை காத்திருக்கின்றன. 2023இல் வாடிகனிலிருந்து மூன்று துண்டுகள் திரும்பி வந்தன. இலண்டனில் உள்ளவை இன்னும் வரவில்லை.

அப்படியானால் மெலினாவின் போராட்டம் தோல்வியா? அன்று அவர் தனித்து எழுப்பிய கோரிக்கை இன்று உலகெங்கும் பேசப்படும் வழக்காகிவிட்டது. பிரிட்டிஷ் மக்களிலேயே அதை ஆதரிப்போர் பலர். ஒரு கேள்வியை உலகம் மறக்க முடியாதபடி கேட்டுவிட்டுச் செல்வதும் ஒரு வெற்றியே ஆகும்.

அந்தச் சிற்பங்கள் தம் வாழ்நாளிலேயே ஏதென்சுக்குத் திரும்பக் காண வேண்டும் என்பது அம்மையாரின் ஆசை. ஒருவேளை தாம் இறந்தபின் அவை திரும்பினால், அதைக் காண்பதற்காகவே தாம் மீண்டும் பிறந்து வருவதாக அவர் கூறியதுண்டு. மறுபிறப்பை நம்புவோர்க்கும் நம்பாதோர்க்கும் அந்தச் சொல்லின் பொருள் விளங்கும். தன் மண்ணின் மீது ஒருவர் வைக்கக்கூடிய அன்புக்கு அதனினும் உயர்ந்த அளவுகோல் ஏது? பறிக்கப்பட்ட நாட்டைப் போராடித் திரும்பப் பெற்ற அப்பெண்மணியின் நம்பிக்கை, பறிக்கப்பட்ட கற்களின் திசையிலும் ஒருநாள் பலிக்கட்டும்.